காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிட்டேன்

குமார்,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. இங்கே நலம் இல்லை. இதைப் படித்து முடித்தபின் உன் நலத்தை விசாரிக்கிற யோக்கியதையும் எனக்கு இருக்காது. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன் நம்பரைப் போட்டேன். நீ எடுத்து "சொல்லு நைனா" என்றதும் "சாப்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அறுபத்திரண்டு வயதில் பெற்ற மகனுக்குப் பயப்படுகிறான் உன் அப்பன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது, நானும் பேச்சை மாற்ற முடியாது.

போன மாசம் நானும் உன் அம்மாவும் புதுவாயலில் பஸ் ஏறி, பெரியபாளையத்தில் மாறி, திருவள்ளூருக்கு உன் வீட்டுக்கு வந்தோம் இல்லையா, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பேத்தி யாழினி வயிறு வலிக்கிறது என்று சிணுங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா குழந்தையின் வயிற்றில் கையை வைத்தாள். வைத்தாள், அவ்வளவுதான். நீ உள்ளேயிருந்து ஓடி வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாய். "ஒரு புள்ளைய தொக்கம் எடுக்கறேன்னு இட்டுகினு போயி ஒரேயடியா அனுப்பிச்சியே, போதாதா ஒனக்கு? இவளத் தொடாத" என்றாய். உன் மனைவி பதறிப்போய் "இன்னாங்க இது" என்று உன் தோளைப் பிடித்தாள். உன் அம்மா "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். கொண்டுவந்த முறுக்கு டப்பாவை டிவி பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் நீ சொன்ன அந்த வார்த்தை உன்னுடையது இல்லை. அது என்னுடையது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் தங்கை அமுதா செத்துப்போன வீட்டில், துக்கம் கேட்க வந்தவர்களிடம் நான் சொன்னதைத்தான் நீ கதவோரம் நின்று கேட்டு, மனசில் வைத்து வளர்த்து, உன் அம்மா முகத்தில் வீசினாய்.

அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. இப்போது முழுசாகச் சொல்கிறேன். முதலில் உன்னிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். அமுதா பிறப்பதற்கு முன், உனக்கு நாலு வயது இருக்கும். ஒருநாள் காலையில் நீ வாசலில் ஒன்றுக்குப் போனாய், பார்த்தால் சிவப்பாகப் போகிறது. எனக்கு உயிரே நின்றுவிட்டது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், மில் யூனிபார்மோடு, ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ஒன்றும் இல்லாமலும் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டி பஜார் முழுக்க ஓடினேன். டாக்டர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நேத்து புள்ள இன்னா சாப்புட்டான்?" என்று கேட்டார். முந்தின நாள் ஒரு கல்யாணத்தில் பீட்ரூட் பொரியலை நீ நாலு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தாய். டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். லேட்டாக வேலைக்குப் போனவன் காரணம் சொல்ல வேண்டுமே, சொன்னேன். அன்றோடு தீர்ந்தது என் பேர். மில்லில் என்னைக் கூப்பிட "யோவ் பீட்ரூட்டு" என்றால் போதும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் அதுதான் என் நிஜப் பேர் என்று நினைத்தார்கள். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் ரொம்ப நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டேன். இனிமேல் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் உடனே டாக்டரிடம் ஓடி மானத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று. அந்த முடிவுதான் உன் தங்கையின் தலையில் விழுந்தது.

அமுதாவுக்கு ஆறு வயது, உனக்குப் பதினொன்று. பள்ளிக்கூடம் லீவு விட்ட கோடை. நான் அப்போது ரோலிங் மில்லில் ஃபர்னஸ் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தேன். இரும்புக் கட்டையைக் காய்ச்சி வெளியே தள்ளும்போது அதன் நிறத்தைப் பார்த்தே, உருட்டலாமா, இன்னும் வேகட்டுமா என்று நான் சொல்வேன். மீட்டர் கூட அப்புறம்தான். அந்த அளவுக்குக் கண் இருக்கிறது என்று எனக்கு ஒரு திமிர். அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் என் பெண் கரைந்துகொண்டிருந்தாள். குடத்துப் பக்கமே நின்று டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்தாள். எனக்கு அது பெருமையாக இருந்தது என்றால் நம்புவாயா? ஃபர்னஸ் ஆட்கள் ஒரு ஷிப்டுக்குக் கேன் கேனாகக் குடிப்போம், "என் பொண்ணு எனுக்கே சவால் உடுறா" என்று மில்லில் சொல்லிச் சிரித்தேன். மூன்று வயதிலேயே நிறுத்தியவள் மறுபடி பாயை நனைக்க ஆரம்பித்தாள். காலையில் எழுந்து ஈரப் பாவாடையோடு வெட்கப்பட்டுக்கொண்டு சுவரோரம் நிற்பாள். தட்டு நிறையச் சாப்பிட்டாள், ஆனாலும் கவுன் தோளிலிருந்து நழுவியது. உயரமாக வளர்கிறாள், அதனால் இளைக்கிறாள் என்றேன்.

உன் அம்மா கேட்டாள். இதை நீ நன்றாக வாசித்துக்கொள். தொக்கத்துக்கெல்லாம் ரெண்டு வாரம் முன்னாலேயே அவள் கேட்டாள். "இன்னாயா, ஆறு வயசுப் பொண்ணு பாய நனைக்குது, எளச்சிகினே போவுது, எனுக்கு இன்னமோ சரியாப் படல. டாக்டராண்ட ஒரு எட்டு காட்டிகினு வரலாமா?" நான் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "ஜொரம் இல்லியே. ஜொரமே இல்லாம டாக்டராண்ட போயி இன்னா சொல்லுவ? தண்ணி குடிக்குதுன்னா? மறுபடியும் என்ன பீட்ரூட்டு ஆக்கப் பாக்குறியா?" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். நீயும் சொன்னாய் குமார். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "நைனா, அமுதா ஒண்ணுக்குப் போற எடத்துல மட்டும் எறும்பா மொய்ச்சிகினு இருக்குது பாரு" என்று காட்டினாய். நான் எறும்புப் பொடி வாங்கி வந்து தூவினேன். பதினொரு வயதுப் பிள்ளை பார்த்ததை நாற்பது வயதுக்காரன் பொடி போட்டு மூடினேன். நீ பார்த்தாய், நீ சொன்னாய். உன்மேல் ஒரு துளி தப்பும் இல்லை. என்றைக்காவது உனக்குள் அந்த எண்ணம் அரித்திருந்தால் இன்றோடு விட்டுவிடு.

இனிமேல் எழுதப்போவது நீங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்ததுதான், ஆனால் அது என்ன செய்தது என்பது உன் அம்மாவுக்கே போன வாரம் வரை தெரியாது. வெயில் காலத்தில் மில்லில் ஃபர்னஸ் ஆட்களுக்கு ஷிப்டுக்கு ஒரு குளுக்கோஸ் பொட்டலம் கொடுப்பார்கள், ஆரஞ்சு வாசனையோடு. நான் அதைக் குடிக்கமாட்டேன். சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். அமுதா சோர்ந்து சோர்ந்து படுக்க ஆரம்பித்ததும் எனக்குப் பெரிய யோசனை தோன்றியது. வெயிலில் சுருண்டு விழுகிற ஆளுக்கே இது தெம்பு கொடுக்கிறது, பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன? காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று கலக்கிக் கொடுத்தேன். கூட வேலை செய்தவர்களிடமும் கேட்டு வாங்கி வந்தேன். நான் வீட்டுக்குள் நுழையும்போதே பையைத் தடவிப் பார்ப்பாள். உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டு, "நைனா, நாக்கு ஆரஞ்சு ஆயிடிச்சா பாரு" என்று நீட்டுவாள். உனக்கு ஒன்று கூடக் கொடுக்கவில்லை என்று நீ கோபித்துக்கொண்டாய். இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள். உடம்பில் சர்க்கரை ஏறி ரத்தமெல்லாம் பாகாகிக் கிடந்த பிள்ளைக்கு, பெற்ற அப்பன் என் கையால் சர்க்கரையைக் கரைத்து ஊற்றினேன்.

அப்புறம் வாந்தி வந்தது, வயிறு வலிக்கிறது என்று அழுதாள். அன்றைக்கும் காய்ச்சல் இல்லை. அம்மா மறுபடி டாக்டர் என்றாள். "ஷிப்டுக்குப் போற நேரத்துல பேஜாரு பண்ணாத, எதுனா ஒத்துக்காம இருந்திருக்கும்" என்று கத்திவிட்டுப் போனேன். பக்கத்து வீட்டுக்காரம்மா தொக்கமாக இருக்கும் என்று சொல்ல, உன் அம்மா அவளைத் தொக்கம் எடுக்கிற ஒரு பொம்பளையிடம் கூட்டிக்கொண்டு போனாள். யாழினி என்றைக்காவது இதைப் படித்தால் அவளுக்குப் புரியாது, அதனால் சொல்கிறேன். வயிற்றுக்குள் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் குழந்தை சாப்பாட்டைத் தள்ளுகிறது என்று சொல்லி, வயிற்றைத் தடவி, ஊதி, ஒரு பருக்கையையோ முடியையோ எடுத்துக் காட்டுவார்கள். நானும் சின்ன வயதில் எடுத்துக்கொண்டவன்தான். டாக்டர் வேண்டாம் என்று புருஷன் கத்தினால், ஒரு பொம்பளை வேறு எங்கே போவாள்? அன்று சாயங்காலம் அமுதா கொஞ்சம் அமைதியாக இருந்தாள். தொக்கம் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டோம். அது அமைதி இல்லை, மயக்கத்தின் ஆரம்பம்.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணி வாக்கில் வீட்டுக்கு வந்தேன். பாயில் படுத்திருந்தவள், ஓடி வந்து நின்றவள் மாதிரி நெஞ்சு ஏறி இறங்க, ஆழமாக ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாயில் நன்றாகக் கனிந்த பழத்தின் வாசனை. அதைக்கூட நான் ஆரஞ்சு பவுடர் வாசனை என்றுதான் நினைத்தேன். ஆட்டோவில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போய், அவர்கள் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா விரலில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். "இவ்ளோ சக்கர ஏறியிருக்கே, தண்ணி நெறய குடிச்சாளா? எளச்சாளா? இத எப்பிடிங்க கவனிக்காம உட்டீங்க? குளுக்கோஸ், ஜூஸ் எதுனா குடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க" என்றேன். "ஒரு நாள் முன்னாடி வந்திருந்தாக்கூட..." என்று முடிக்காமல் விட்டார்கள். மறுநாள் மத்தியானம் அமுதா போய்விட்டாள்.

அந்த "ஒரு நாள்" என்கிற வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் என்றால் எந்த நாள்? தொக்கம் எடுத்த நாள். வந்தவர்களிடம் எல்லாம் அதையே சொன்னேன். "தொக்கம் எடுக்கப் போயி ஒரு நாளு போயிடிச்சி, இல்லாட்டி காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரே சொன்னாங்க." சர்க்கரை என்கிற பேச்சையே எடுக்கவில்லை. வயிற்றில் விஷம் மாதிரி ஏதோ என்று மழுப்பினேன். உன் அம்மா மூலையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள்.  நான் டாக்டர் வேண்டாம் என்றதைக்கூட அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொல்லாததை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நம் வீட்டில் அமுதாவைக் கொன்றது யார் என்கிற கேள்விக்குப் பதில் இருந்தது. நீ அம்மா கையால் சாப்பாடு வாங்கும்போதுகூட முகத்தைப் பார்க்கமாட்டாய். நான் அதைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன்.

நான் ரிட்டயர் ஆவதற்கு முன் மில்லில் ஒருமுறை மருத்துவ முகாம் போட்டார்கள். வரிசையில் நின்றேன். ஒரு நர்ஸ் பெண் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, கையளவு மிஷினில் வைத்தாள். நான் சட்டைக் கையை இறக்கிவிடுவதற்குள் நம்பர் வந்துவிட்டது. அவ்வளவுதானா என்று கேட்டேன். "அவ்ளோதான் தாத்தா" என்றாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முகாமுக்கு வந்திருந்த டாக்டரிடம் யாரோ ஒரு பிள்ளைக்கு நடந்ததாகச் சொல்லிக் கேட்டேன். குளுக்கோஸ் மட்டும் கொல்லவில்லை, அது இன்னும் மோசமாக்கியிருக்கும், பிள்ளையின் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோனதுதான் நோய், ஆனால் ரெண்டு வாரமாக அந்தப் பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறதே, யாருமே கேட்கவில்லையா என்றார். கேட்கவில்லை சார் என்றேன்.

யாழினிக்கு அடுத்த மாசம் ஆறு வயது. அதனால் இதை வைத்துக்கொள். காய்ச்சல் இருந்தால்தான் நோய் என்று நினைக்காதே. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அவளை ஒப்பிடாதே, நேற்றைய அவளோடு இன்றைய அவளை ஒப்பிடு. இதுவரை செய்யாத ஒன்றை ஒரு பிள்ளை திடீரென்று செய்ய ஆரம்பித்தால், அளவில்லாமல் தண்ணீர் குடித்தால், அடிக்கடி ஒன்றுக்குப் போனால், அல்லது பாதி நாள் போகாமலே இருந்தால், சாப்பிட்டும் இளைத்தால், அன்றே டாக்டரிடம் காட்டி, ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள் என்று வாய்விட்டுக் கேள். வாந்தி நிற்கவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வாங்குகிறது, எழுப்பினால் உன்னை அடையாளம் தெரியவில்லை என்றால், யார் பேச்சையும் கேட்க நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. உன் மனைவி "இன்னமோ சரியாப் படல" என்றால் அதுவே போதும், வேறு காரணம் கேட்காதே. டாக்டர் சிரித்து அனுப்பினால் சிரிக்கட்டும். அன்றைக்குப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஊரே உனக்குப் பட்டப்பேர் வைக்கட்டும், அதோடு வாழ்ந்துவிடலாம். நான் வாழ்ந்தேன்.

உன் வீட்டிலிருந்து திரும்பிய பிறகு மூன்று வாரம் தைரியம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரை, பொட்டலம், டாக்டரம்மா கேட்டது, நான் இல்லை என்றது. கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்று சொல்கிறேன், அப்படி நடந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அன்னைக்கே தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "ஆஸ்பத்திரிலியேவா?" ஆமாம் என்றேன். கீரையைக் கீழே வைக்கவில்லை. "எத்தினி நாளு யோசிச்சிகினு இருந்திருக்கேன் தெரியுமாயா, அந்தத் தொக்கம் எடுக்கறம்மா கையில என் புள்ளயப் புடிச்சிக் குடுத்தேனேன்னு. கொழாயடில நிக்கிறப்பக்கூட அதே யோசனதான். நீ பக்கத்துலியேதானே படுத்துகினு இருந்த" என்றாள். அப்புறம் கீரையை அலசி, சமைத்து, எனக்குத் தட்டில் போட்டாள். அன்றிலிருந்து என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. நாற்பது வருஷமாகக் கேட்ட "இன்னாயா" இந்த வீட்டில் நின்றுபோய்விட்டது.

நேற்று நானே வலியப் போய், "குமாராண்ட எல்லாம் எழுதிப் போடறேன். அவன் இனிமே உன்ன ஒண்ணும் சொல்லமாட்டான். வா, திருவள்ளூர் போயி கொழந்தயப் பாத்துட்டு வரலாம்" என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அவன் சொல்லமாட்டான். நான் சொல்லிக்குவேனே. இருவத்திரண்டு வருசமா நாந்தான் கொன்னேன்னு நம்பிகினு இருந்தேன். நீ ஒரு நாளு வந்து இல்லேன்னா அது போயிடுமா? எனுக்கு எந்தக் கொழந்தயும் வாணாம்."

இதுதான் நான் செய்து வைத்திருப்பது. உண்மையைச் சொன்னால் ஏதாவது திரும்ப வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை. நீ மன்னித்தாலும் அவளுக்கு அதில் என்ன கிடைக்கப்போகிறது?

ஆனால் அவள் வரமாட்டாள் குமார், அதனால் நீதான் வர வேண்டும். யாழினியைக் கூட்டிக்கொண்டு வா. அம்மாவிடம் மன்னிப்பு அது இது என்று பெரிதாகப் பேசாதே, அவளுக்கு அது தாங்காது. குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு, கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லி வெளியே போ. அவள் வேண்டாம் என்பாள், பயப்படுவாள். அப்படியும் போ. ஒரு மணி நேரம் கழித்து வா. எந்த நாள், எந்த பஸ் என்று மட்டும் முன்னாலேயே எனக்குச் சொல்லிவிடு. அன்றைக்கு நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

நைனா